பாட்டில் 'நான்' என்பவர் யார்?

ஒரு பாடகரைப் பற்றி, 'நன்றாகப் பாடுகிறாரா?' என்று கேட்பது உலக வழக்கு. 'அவர் பாடுவது உண்மையா?' என்பது வேறொரு கேள்வி. கருநாடக இசை மேடையிலோ திரையிசையிலோ இந்த இரண்டாம் கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. காதல் பாட்டைப் பாடும் பின்னணிப் பாடகர் உண்மையிலேயே காதல் வயப்பட்டிருக்கிறாரா என்று எவரும் விசாரிப்பதில்லை. ஆனால் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் கறுப்பின, கரீபிய, லத்தீன் அமெரிக்க இளைஞரிடையே பிறந்து இன்று உலகமெங்கும் பரவிவிட்ட ஹிப்-ஹாப் இசையில் இதுவே முதற்கேள்வி. 'ரியல்' என்ற ஒரு சொல்லை அவ்விசை உலகத்தார் தராசுபோலக் கையில் வைத்திருக்கின்றனர். அத்தராசில் குறைந்தவர் எத்துணைத் திறமை உடையவராயினும் ஏளனத்திற்கு ஆளாகிறார்.

நம் பங்குகளின் இளையோர் பலர் காதில் கருவியைப் பொருத்திக்கொண்டு இவ்விசையைக் கேட்பதை அறிவோம். பெற்றோர் இதைக் கூச்சல் என்றும் ஆபாசம் என்றும் தள்ளிவிடுகின்றனர். ஆபாசம் உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. எனினும் அந்த இளையோரே இளைஞர் கூட்டங்களில், "சாமி, இவர் உண்மையானவர்; அவர் காசுக்காகப் பாடுகிறவர்" என்று தமக்குள் வாதிடும்போது, அவர்கள் ஓர் அறவியல் கேள்வியைத்தான் கையில் எடுத்திருக்கிறார்கள் என்று நமக்குத் தோன்றுகிறது. பாடுபவரின் சொல்லுக்கும் வாழ்வுக்கும் உள்ள உறவு யாது? அந்த உறவைச் சோதிக்கும் உரிமை எவருக்கு உண்டு? இதைச் சற்றுப் பொறுமையாக ஆய்ந்து பார்க்க விழைகிறோம்.

முதலில் வாதத்தின் இரு தரப்பாரை அறிந்துகொள்வோம். பெரிய இசைத்தட்டு நிறுவனங்கள், வானொலி, தொலைக்காட்சி ஆகியவற்றின் துணையோடு இலட்சக்கணக்கில் விற்பனையாகும் ராப் பாடகர்கள் ஒரு தரப்பு. இதைப் பெருஞ்சந்தை எனலாம். சிறு அரங்குகளிலும் கல்லூரி வானொலிகளிலும் தாமே பதிவுசெய்த ஒலிநாடாக்களிலும் இயங்கி, 'அண்டர்கிரவுண்ட்' என்று தம்மை அழைத்துக்கொள்வோர் மற்றொரு தரப்பு. இவர்களுடைய குற்றச்சாட்டு எளியது: கலை தெருவில் தூய்மையாகப் பிறந்தது, பணம் வந்தது, தூய்மை போயிற்று. ஏதேன் தோட்டத்தையும் வீழ்ச்சியையும் நினைவூட்டும் இக்கதையைக் கேட்டவுடன் நம்பிவிடத் தோன்றுகிறது. ஆனால் வரலாறு இத்துணை எளிதாக இல்லை.

1973 ஆகஸ்டு 11 அன்று நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொழுதுபோக்கு அறையில் ஒரு விருந்து நடந்தது. யமைக்காவிலிருந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்த க்ளைவ் காம்பெல், 'டிஜே கூல் ஹெர்க்' என்ற பெயரில், இரண்டு இசைத்தட்டுச் சுழலிகளை வைத்துக்கொண்டு, பாடலில் பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் இடங்களை நீட்டி நீட்டி ஒலிக்கச் செய்யும் உத்தியை அக்காலத்தில் உருவாக்கினார். அதன்மேல் எதுகை மோனையோடு விரைந்து பேசும் முறை பின்னர் வளர்ந்து ராப் ஆயிற்று. அந்நாளைய பிராங்க்ஸ் எப்படி இருந்தது? ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரியின் திட்டத்தில் அமைந்த கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை, குடியிருப்புகளைப் பிளந்துகொண்டு சென்று ஆயிரக்கணக்கானோரை இடம்பெயரச் செய்திருந்தது. 1970-களில் தெற்குப் பிராங்க்ஸில் கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தன. அந்தச் சாம்பலில் முளைத்த கலை இது என்பதில் ஐயமில்லை.

ஆனால் அந்த விருந்தை ஏற்பாடு செய்தவர் ஹெர்க்கின் தங்கை சிண்டி. பள்ளி திறக்குமுன் புத்தாடை வாங்கப் பணம் வேண்டியிருந்தது. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் என்று நுழைவுக் கட்டணம் எழுதிய அழைப்புச் சீட்டுகள் அவர் கையாலேயே தயாராயின. ஹிப்-ஹாப்பின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடும் நாளிலேயே வாசலில் காசு வாங்கப்பட்டது! ஒரு பள்ளிச் சிறுமி புத்தாடைக்காக வாங்கிய காசு அக்கலையைக் கெடுத்தது என்று எவரும் சொல்லத் துணியார். ஆகவே பணம் வந்ததால் மெய்ம்மை போயிற்று என்ற விளக்கம் போதாது; வேறெங்கோ தேட வேண்டும்.

தேடுவதற்கு 1979-ஆம் ஆண்டு உதவுகிறது. அவ்வாண்டு சில்வியா ராபின்சன் என்னும் அம்மையார் நடத்திய சுகர்ஹில் நிறுவனம் 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற பாடலை வெளியிட்டது. நாடெங்கும் புகழ்பெற்ற முதல் ராப் பாடல் அதுவே. அதைப் பாடிய மூவருள் ஒருவரான பிக் பாங்க் ஹாங்க், நியூஜெர்சியில் பிட்சா கடையில் வேலை செய்தவர். பிராங்க்ஸின் புகழ்பெற்ற சொல்லிசைஞர் கிராண்ட்மாஸ்டர் காஸ் என்பவருக்காக ஏற்பாடுகளைக் கவனித்து வந்தவர். பாட வாய்ப்பு வந்தபோது ஹாங்க்கிடம் சொந்தமாக வரிகள் இல்லை. காஸிடம் சென்று அவருடைய வரிகளைப் பெற்றுக்கொண்டார். பெற்ற வரிகளை மாற்றக்கூட இல்லை. காஸ் தம் பழைய மேடைப்பெயரான 'காஸனோவா' என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் இடத்தையும் அப்படியே பாடிவிட்டார். உலகமெல்லாம் கேட்ட அந்தப் பாட்டில் 'நான்' என்று ஒருவர் பெருமை பேசுகிறார். அந்த 'நான்' அறையில் இல்லாத வேறொருவர். காஸின் பெயர் தட்டில் அச்சாகவில்லை. காசும் அவர் கைக்கு வரவில்லை.

இங்கே குறை எங்கே இருக்கிறது? பெருஞ்சந்தையில் விற்றதிலா? பிட்சா கடைக்காரர் பாடகர் ஆனதிலா? இல்லை. பிறருடைய சொல்லை எடுத்துக்கொண்டு உரியவரின் பெயரை மறைத்ததில்தான் இருக்கிறது. அயலாருக்குச் சேரவேண்டியதைச் சேர்க்காமை அது. அறவியலில் இதை நீதிக்குறைவு என்போம். 'போலி' என்று சொல்லும்போது நாம் பெரும்பாலும் ஒருவருடைய உள்ளத்தைப் பற்றியே பேசுகிறோம். அவர் உள்ளே ஒன்று, வெளியே வேறொன்று என்கிறோம். காஸின் கதையோ, மெய்ம்மை என்பது ஒருவருடைய உள்ளத்தோடு முடிந்துவிடாமல் இருவருக்கிடையே, பலருக்கிடையே இருப்பதைக் காட்டுகிறது. இதை மனத்தில் நிறுத்திக்கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறோம், பின்னர் தேவைப்படும்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று 1982-இல் நடந்தது. அதே சுகர்ஹில் நிறுவனம் 'தி மெசேஜ்' என்ற பாடலைக் கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ் குழுவின் பெயரில் வெளியிட்டது. கொண்டாட்டமே ராப்பின் பொருளாக இருந்த காலத்தில், இடிந்த தெருவின் துயரத்தைச் சொன்ன பாடல் அது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலைத் தொடங்கியபோது முதல் தொகுதியிலேயே இடம்பெற்ற ராப் பாடலும் அதுவே. தெருவின் மெய்யான குரல் என்று எல்லாரும் ஒருமனதாகப் போற்றுவது. ஆனால் அதன் பெரும்பகுதியை எழுதியவர் அக்குழுவைச் சேர்ந்தவரே அல்லர். எட்வர்ட் ஃப்ளெட்சர் என்ற, கல்லூரியில் பயின்ற, நிறுவனத்தில் சம்பளத்திற்கு இசைத்த கலைஞர். குழுவினர் முதலில் இதைப் பதிவுசெய்ய விரும்பவில்லை. கொண்டாட வரும் கூட்டம் இதைக் கேட்குமா என்று தயங்கினர். நிறுவனத்தின் தலைவியே வற்புறுத்தினார். குழுவில் மெலி மெல் ஒருவரே ஃப்ளெட்சரோடு சேர்ந்து பாடினார். தட்டின்மேல் பெயர் இருந்த ஃப்ளாஷ் அதில் பங்குகொள்ளவே இல்லை. தெருவில் வளர்ந்தவர்கள் கொண்டாட்டத்தைப் பாட விரும்பினார்கள். நிறுவனமோ துயரத்தைப் பாடச் சொல்லிற்று. ஃப்ளெட்சர் பிற்காலத்தில் ஆசிரியராகப் பணியாற்றி 2021-இல் காலமானார்.

எனவே, 'தெருவிலிருந்து வந்தது மெய், நிறுவனத்திலிருந்து வந்தது பொய்' என்ற அளவுகோல் முதல் பத்தாண்டுகளிலேயே இரு முறை முறிந்துவிட்டது.

அப்படியானால் 'அண்டர்கிரவுண்ட்' என்ற தரப்பு வெறும் கற்பனையா? அல்ல. அவர்களுடைய முறைப்பாட்டிற்கு வலுவான காரணங்கள் உண்டு. 1991 மே மாதம் முதல் 'பில்போர்டு' இதழ், கடைக்காரர்கள் சொல்லும் மதிப்பீட்டை விடுத்து, சவுண்ட்ஸ்கேன் என்னும் முறையில் உண்மை விற்பனையைக் கணக்கிட்டுத் தரவரிசை வெளியிடத் தொடங்கிற்று. சில வாரங்களுக்குள் லாஸ் ஏஞ்சலிஸின் என்.டபிள்யூ.ஏ குழுவின் வன்முறை மலிந்த தொகுப்பு முதலிடத்திற்கு வந்தது. அத்தெருக்களை ஒருநாளும் மிதித்திராத புறநகர் இளைஞரும் இதைத் திரளாக வாங்குகின்றனர் என்பதை நிறுவனங்கள் கண்டுகொண்டன. 1996-இல் நிறைவேறிய தொலைத்தொடர்புச் சட்டம், ஒரே உரிமையாளர் நாடெங்கும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்ற வரம்பை நீக்கியது. சில ஆண்டுகளில் க்ளியர் சேனல் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் ஏறத்தாழ 1,200 நிலையங்கள் சேர்ந்தன. எந்த ஊரில் எந்தப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதைத் தொலைவில் ஓர் அலுவலகம் முடிவுசெய்தது. உள்ளூர்க் குரல்கள் ஒதுக்கப்பட்டன. இது கற்பனை அன்று, பொருளியல்.

ஒதுக்கப்பட்டவர்கள் அமைத்துக்கொண்ட சிற்றிடங்களில் இரண்டை நாம் மதிப்போடு குறிப்பிட விரும்புகிறோம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கல்லூரி வானொலியில் 1990 முதல் 1998 வரை, வியாழன் இரவு கடந்து விடியும்வரை, ஸ்ட்ரெச் ஆம்ஸ்ட்ராங், பொபிட்டோ என்ற இருவர் நடத்திய நிகழ்ச்சி ஒன்று. பிற்காலத்தில் பெருஞ்சந்தையை ஆண்ட நாஸ், ஜே-சீ போன்றோர் பெரும்புகழ் பெறுமுன்னரே அங்கு வந்து பாடினார்கள். மற்றொன்று லாஸ் ஏஞ்சலிஸின் 'குட் லைஃப்' என்ற இயற்கை உணவகம். 1989 இறுதி முதல் வாரந்தோறும் அங்கே எவரும் ஏறிப் பாடலாம் என்ற மேடை இருந்தது. அம்மேடைக்குக் கண்டிப்பான விதி ஒன்றுண்டு: வசைச்சொல் கூடாது. பாடுபவர் சொதப்பினால், ஒலிவாங்கியை அடுத்தவருக்குக் கொடுத்துவிடுமாறு கூட்டமே ஒருமித்துக் குரல் எழுப்பும். எத்துணைப் பெயர்பெற்றவராயினும் இறங்கித்தான் ஆகவேண்டும். ஆபாசம் இவ்விசையின் இயல்பு என்று எண்ணும் பெற்றோர் இந்த உணவகத்தை அறிந்திருப்பது நல்லது. சந்தைக்கு ஆபாசம் தேவைப்பட்டது. கூலியின்றிப் பாடியவர்களுக்கு அது தேவைப்படவில்லை. தம்மைப்போன்றே தொழில் தெரிந்தவர் முன் பாடும்போது அதிர்ச்சியைக் காட்டி ஏமாற்ற இயலாதன்றோ?

ஆனால் இத்தரப்பிலும் ஒரு நோய் புகுந்தது. விற்காமை ஒரு புண்ணியம் ஆயிற்று. 'நான் அவர்களைப்போல் அல்லேன்' என்பதே பாடலின் பொருளாகிவிட்ட பாடல்கள் நூற்றுக்கணக்கில் வந்தன. கோவிலின் முன்வரிசையில் நின்று வேண்டிய பரிசேயரின் குரல் நமக்குக் கேட்கிறது. 1990-களின் பிற்பகுதியில் இத்தரப்பினரின் கொடியை ஏந்திய ராக்கஸ் என்ற சிறு நிறுவனத்தின் கதையைக் காணுங்கள். நல்ல தொகுப்புகளை வெளியிட்ட நிறுவனம், நாமும் மறுக்கவில்லை. அதற்குத் தொடக்க நாள்களில் முதலீடு செய்தவர், உலகின் மிகப்பெரிய ஊடக முதலாளிகளுள் ஒருவரான ரூபர்ட் மர்டாக்கின் மகன் ஜேம்ஸ் மர்டாக். சந்தைக்கு எதிரான பாட்டும் சந்தையின் மடியிலேயே வளர்ந்தது. பிற்காலத்தில் சிக்காகோவின் சான்ஸ் என்ற பாடகர் எந்த நிறுவனத்தோடும் ஒப்பந்தம் செய்யாதவர் என்று புகழ்பெற்றார். 2016-இல் வந்த தொகுப்பை இரண்டு வாரம் தன்னிடம் மட்டும் வைத்திருக்க ஆப்பிள் நிறுவனம் 5 இலட்சம் டாலர் தந்ததை அவரே 2017-இல் வெளிப்படையாகச் சொன்னார். வெளிப்படையாகச் சொன்னாரே, அதை நாம் குறை கூறவில்லை.

இந்தப் பண விவாதத்தை இத்துடன் விட்டுவிடலாம். மெய்யான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அது 'நான்' என்ற சொல்லில் இருக்கிறது.

நம் அகப்பாடல் மரபில் ஒவ்வொரு பாட்டின் கீழும் 'தலைவி கூற்று', 'தோழி கூற்று' என்று குறிப்பு நிற்கும். பிரிவாற்றாது புலம்பும் தலைவியின் சொல்லை ஆண்புலவர் எழுதுவார். அவர் பொய் சொன்னார் என்று எந்த உரையாசிரியரும் எழுதவில்லை. பாட்டில் பேசும் 'நான்' வேறு, பாடிய புலவர் வேறு என்பது நம் முன்னோர்க்குப் பாலபாடம். நம் ஊர்களில் துக்க வீட்டிற்குக் கூலிக்கு ஒப்பாரி வைக்க வரும் பெண்ணைப் பாருங்கள். இறந்தவர் அவளுக்கு யாருமல்லர். ஆனால் அவள் குரலெடுத்த பிறகுதான் அந்த வீட்டாரின் உறைந்த அழுகை உடைகிறது. அவள் அழுகை போலியா? திருப்பாடல்களைத் திருப்புகழ்மாலையில் நாள்தோறும் சொல்லும் குருக்களாகிய நாம், பகைவரால் சூழப்பட்டவனின் ஓலத்தைக் காலை உணவுக்கு முன் அமைதியாகச் சொல்கிறோம். எங்கோ அவ்வாறு சூழப்பட்டிருக்கும் ஒருவருக்காகச் சொல்கிறோம்.

ராப் இசையின் பேராற்றலும் பெருந்துன்பமும் அது இந்தக் 'கூற்று' என்ற குறிப்பை அழித்துவிட்டதில் இருக்கின்றன. அங்கே 'நான்' என்றால் பாடுபவரே என்று கேட்போர் கொள்கின்றனர். பாடுவோரும் அப்படியே கொள்ளுமாறு தூண்டுகின்றனர். நோட்டோரியஸ் பி.ஐ.ஜி. என்று புகழ்பெற்ற கிறிஸ்டபர் வாலஸை எடுத்துக்கொள்வோம். யமைக்காவிலிருந்து வந்து புரூக்ளினில் பாலர் பள்ளி ஆசிரியையாக உழைத்த தாயின் ஒரே மகன். கத்தோலிக்கப் பள்ளிகளில் பயின்றவர். பிஷப் லோக்லின் உயர்நிலைப் பள்ளியிலும் சிறிது காலம் இருந்தவர். தெருமுனையில் போதைப்பொருள் விற்றதும் உண்மைதான். ஆனால் அவர் பாடிய அளவு வறுமை தம் வீட்டில் இருந்ததில்லை என்று அவர் தாயார் பிற்காலத்தில் மறுத்தார். மகனின் பாட்டு உலகிற்குப் பிடித்திருந்தது. தான் உழைத்து உணவிட்ட அந்தத் தாய்க்கோ அது பழிச்சொல். அவருடைய நண்பராயிருந்து பகைவரான டூபாக் ஷக்கூர் பால்டிமோர் கலைப்பள்ளியில் நடிப்பும் பாலே நடனமும் பயின்றவர். 1996 செப்டம்பரில் டூபாக் லாஸ் வேகாஸில் சுடப்பட்டு இறந்தார். 1997 மார்ச் 9 அன்று வாலஸ் லாஸ் ஏஞ்சலிஸில் சுடப்பட்டு இறந்தார். ஒருவருக்கு வயது 25, மற்றவருக்கு 24. துப்பாக்கியைப் பற்றிப் பாடியதால்தான் துப்பாக்கி வந்தது என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு சொல்லவில்லை. ஆனால் பாட்டில் மூண்ட பகையைப் பத்திரிகைகள் ஊதிப் பெருக்கின, வாங்குவோர் பெருகினர். அப்பகையை உண்மையென்றே காட்டுமாறு இருவரிடமும் எதிர்பார்க்கப்பட்டது.

மெய்ம்மையைப் பற்றிய இந்த வேட்கை இசைக்கு மட்டும் உரியதன்று. கனடா நாட்டுக் கத்தோலிக்க மெய்யியலார் சார்லஸ் டெய்லர் 1991-இல் ஆற்றிய சொற்பொழிவுகளில், 'நீ நீயாக இரு' என்பது தற்கால மனிதனின் உண்மையான அறநெறி என்று ஏற்றுக்கொள்கிறார். அதை வெறும் தன்னலம் என்று தள்ளிவிடுவோரை மறுக்கிறார். ஆனால் எனக்கு மேலான, எனக்கு முன்னரே இருக்கின்ற பொருளுடையவற்றோடு உறவின்றி 'நான் நானாக' இருப்பதற்குப் பொருளே இல்லை என்று அவர் வாதிடுகிறார். இதை ராப்பிற்குப் பொருத்திப் பார்த்தால், 'நான் ரியல்' என்பது தொடரின் பாதிதான். யாருக்கு முன், எதற்காக என்ற மறுபாதி வேண்டும். அந்த மறுபாதியைச் சந்தை தன் விருப்பப்படி நிரப்பிக்கொண்டது: குற்றம் செய்திருந்தால் நீ மெய்.

இதன் விபரீதத்தைக் காட்ட ஒரு நிகழ்ச்சி போதும். ஃபுளோரிடாவைச் சேர்ந்த வில்லியம் ராபர்ட்ஸ், சிறையிலிருந்த ஒரு போதைப்பொருள் வணிகரின் பெயரைத் தழுவி 'ரிக் ராஸ்' என்று பெயர் சூட்டிக்கொண்டு, பெரும் கடத்தல்காரராகத் தம்மைக் காட்டிப் பாடினார். 2008-இல் ஓர் உண்மை வெளிவந்தது. 1990-களின் நடுவில் அவர் சிறைக்காவலராக அரசு வேலை பார்த்திருந்தார்! அவர் முதலில் மறுத்தார், பின்னர் ஏற்றுக்கொண்டார். நேர்மையாக உழைத்துச் சம்பளம் வாங்கியதை ஒரு மனிதர் வெட்கத்தோடு மறைக்க வேண்டியிருந்தது. பிள்ளைக்கு அரசு வேலை கிடைக்கச் செபமாலை சொல்லும் நம் தாய்மார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? (அவருடைய அடுத்த தொகுப்பு 2009-இல் முதலிடம் பெற்றது. கேட்போர் உண்மையை அவ்வளவாக விரும்பவில்லை. உண்மை போன்ற ஒன்றையே விரும்பினர்.)

இந்தப் பொறியிலிருந்து விடுபட முயன்றவர் ஒருவர் உண்டு. இலண்டனில் பிறந்து நியூயார்க் பகுதியில் வளர்ந்த டேனியல் டூமிலே தம் தம்பியோடு சேர்ந்து ஒரு குழுவில் பாடி வந்தார். 1993-இல் தம்பி வாகன விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு நிறுவனம் அவர்களுடைய தொகுப்பை வெளியிட மறுத்து அவரைக் கைவிட்டது. சில ஆண்டுகள் காணாமற்போன டூமிலே, 1990-களின் இறுதியில் நியூயார்க்கின் கவிஞர் அரங்கு ஒன்றில் முகத்தை மூடிக்கொண்டு மீண்டும் தோன்றினார். பின்னர் உலோக முகமூடி அணிந்தார். 'எம்.எஃப். டூம்' என்ற கதைப்பாத்திரமாகவே 2020-இல் இறக்கும்வரை பாடினார். 'நான் பாடுவது பாத்திரத்தின் கூற்று. என் முகத்தைப் பார்க்காதீர்கள், சொல்லைக் கேளுங்கள்' என்று அந்த முகமூடி அறிவித்தது. நற்செய்தியில் 'வெளிவேடக்காரர்' என்று நாம் வாசிக்கும் கிரேக்கச் சொல், முதலில் முகமூடியணிந்த நாடக நடிகரையே குறித்தது. ஆனால் நடிகர் கண்டிக்கத்தக்கவர் அல்லர். முகமூடி இருப்பதை மறைப்பவரே கண்டிக்கத்தக்கவர். முகமூடியை எல்லாரும் காண அணிந்த டூம், இவ்விசையின் மிக நேர்மையான பாடகர்களுள் ஒருவர் என்பது நம் கருத்து. ஆயினும் பிற்காலத்தில் அவர் தமக்குப் பதிலாக வேறு ஆட்களை அதே முகமூடியோடு மேடைக்கு அனுப்பினார்; தாம் இயக்குநர் என்ற பொருளில் அதற்கு விளக்கமும் தந்தார். கட்டணம் கொடுத்து வந்தவர்கள் ஏமாந்தார்கள். இதை அவருடைய அன்பர்கள் கலை என்று கொண்டாடுவதை நாம் ஏற்கவில்லை. முகமூடி அவருடையது, ஆனால் வாக்குறுதி கேட்போருக்குத் தந்தது. காஸின் வரிகளை எடுத்த ஹாங்க்கிடம் கண்ட அதே நீதிக்குறைவு இங்கேயும் தலைகாட்டுகிறது.

பாட்டின் 'நான்' பாடகரே என்று கொள்வது கேட்போரின் பொழுதுபோக்காக இருக்கும்வரை தீங்கு குறைவு. நீதிமன்றமும் அவ்வாறே கொண்டால் என்ன ஆகும்? குருவாகிய நமக்கு ஒப்புதல் வாக்குமூலம் என்பது என்னவென்று ஓரளவு தெரியும். அறிக்கையிடுபவர் தாமே முன்வந்து, தம் பெயரில், தாம் செய்ததைச் சொல்லுகிறார். அங்கே சந்தங்களுக்கு இடமில்லை, மிகைக்கு இடமில்லை, கைத்தட்டலுக்கு இடமில்லை. பாட்டோ இவை மூன்றாலும் ஆனது. இருந்தும் அமெரிக்க நீதிமன்றங்களில் ராப் பாடல்வரிகளை அரசுத்தரப்பு சான்றாக முன்வைப்பது பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. அட்லாண்டாவில் யங் தக் என்ற புகழ்பெற்ற பாடகர்மீது 2022-இல் தொடுக்கப்பட்ட வழக்கில், அவர் பாடல்வரிகள் சிலவற்றைச் சான்றாகக் காட்ட 2023 நவம்பரில் நீதிபதி இசைவளித்தார். கலிபோர்னியா மாநிலம் 2022-இல் இத்தகைய பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றியது. கொலையைப் பற்றி நாவல் எழுதுபவரின் நூலை அவர்மீது சான்றாக யாரும் காட்டுவதில்லை என்பதை இச்சட்டத்திற்காக வாதிட்டோர் எடுத்துக்காட்டினர். இவ்வாதம் சரி. ஆனால் இதில் ஒரு முரண்பாடு இருப்பதையும் காண வேண்டும்: இத்தனை ஆண்டுகளாக 'இது கதை அன்று, உண்மை' என்று சொல்லியே அப்பாடல்கள் விற்கப்பட்டன. நிறுவனம் அதைச் சொல்லி விற்றது. நாம் அதை நம்பி வாங்கினோம். வழக்கறிஞர் அதையே எடுத்துச் சொன்னார். குற்றவாளிக் கூண்டில் நின்றவர் மட்டும் பாடகர்.

நியூ ஆர்லியன்ஸைச் சேர்ந்த மக்கின்லி ஃபிப்ஸ், 'மேக்' என்ற பெயரில் பெருஞ்சந்தைப் புகழ்பெற்ற ஒரு நிறுவனத்தில் பாடி வந்தார். 2000 பிப்ரவரியில் லூசியானா மாநிலத்தின் ஸ்லைடெல் நகரில் அவருடைய நிகழ்ச்சி நடக்கவிருந்த இடத்தில் ஓர் இளைஞர் சுட்டுக்கொல்லப்பட்டார். மேக் கைதானார். வேறொருவர் தாம் சுட்டதாக ஒப்புக்கொண்டும் அது ஏற்கப்படவில்லை. விசாரணையில் அரசு வழக்கறிஞர் அவருடைய இரு வேறு பாடல்களிலிருந்து சொற்களை எடுத்து, ஒன்றாகத் தைத்து, நடுவர்களுக்கு வாசித்துக் காட்டினார். அவற்றுள் ஒன்று, வியட்நாம் போரில் பணிபுரிந்த தம் தந்தையைப் பற்றி மகன் பாடியது. தந்தையைப் பற்றிய சொல், மகனின் ஒப்புதல் வாக்குமூலமாக மாறிற்று. நடுவர் பன்னிருவருள் பத்துப் பேர் குற்றவாளி என்றனர். அன்றைய லூசியானாச் சட்டப்படி பத்துப் பேர் போதும். 2001-இல் 30 ஆண்டு தண்டனை விதிக்கப்பட்டது.

ஒருமித்த தீர்ப்பு வேண்டாம் என்ற அந்த விதியை லூசியானா வாக்காளர்கள் 2018-இல் நீக்கினர். 2021-இல் ஆளுநரின் கருணையால் மேக்கின் தண்டனை குறைக்கப்பட்டு, அவ்வாண்டு ஜூன் மாதம் அவர் நிபந்தனையோடு விடுவிக்கப்பட்டார். உள்ளே சென்றபோது அவருக்கு வயது 22. வெளியே வந்தபோது 43.